விட்டு விட்டு மிதித்தவர்

காரை மனைவி கையில் கொடுப்பதில்லை என்று அந்த ஃப்ரிட்ஜ் கடை சூப்பர்வைசர் சபதம் எடுத்தது பல் துலக்கும்போது. வாயில் நுரையோடு எடுத்த சபதத்துக்கு எவ்வளவு ஆயுசு இருக்குமோ, அவ்வளவுதான் இருந்தது.

விஷயம் இதுதான். மனைவிக்கு ஊரின் அந்தக் கோடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், பஸ்ஸில் போனால் ரெண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே கார், அதுவும் புத்தம்புதுசு. இவருடைய கடை அடுத்த தெருவில்தான். ஆனாலும் மனுஷன் காரில்தான் போவார்!

"மழைக்காலம்மா. ரோடு வழுக்கும். திடீர்னு பிரேக் போட்டா வண்டி எங்க போய் நிக்கும்னு தெரியுமா உனக்கு?"

"அதான் புது வண்டியில ஏபிஎஸ் இருக்குன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே. அது என்னங்க பண்ணும்?"

போச்சுடா! விளக்கம் சொல்வதென்றால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"சாதா பிரேக்கை ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும். சுத்தாம வழுக்கிட்டே போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏபிஎஸ் இருந்தா, சக்கரம் பூட்டப் போகுதுன்னு தெரிஞ்சதும் பிரேக்கைக் கொஞ்சம் விடும், உடனே பிடிக்கும். விடும், பிடிக்கும். கண்ணிமைக்கிறதுக்குள்ள பல தடவை."

"அப்போ நம்ம கால் என்ன பண்ணணும்?"

"கால்... அதெல்லாம் அனுபவம்மா. பழைய வண்டியில நான் விட்டு விட்டுத்தான் மிதிப்பேன். அதான் இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல."

"விட்டுப் பிடிக்கிற வேலையை அதுவே பாத்துக்குதுன்னா, நீங்க எதுக்குங்க நடுவுல?"

அவருக்குச் சுருக்கென்றது. அந்த நிமிஷமே ஒரு திட்டம் உருவானது.

கடைக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட பெரிய காலியிடம். ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கா இருக்காது. காலி ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கி, சற்று முன்னால் அடையாளத்துக்கு ஒரு செங்கல் வைத்தார். குழாயைப் பிடித்துத் தரை முழுக்கத் தண்ணீர் அடித்தார். அவள் வழுக்கி, பயந்து, சாவியைத் தானாகவே நீட்டிவிடுவாள் என்று கணக்கு. சாட்சிக்கு அவள் தம்பியையும் கூப்பிட்டார்.

"அந்தச் செங்கல்கிட்ட வந்ததும் ஓங்கி பிரேக் போடணும். பெட்டியை இடிச்சா பஸ்தான்."

"யார் இடிச்சாலுமா?"

"யார் இடிச்சாலும்!" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் முதலில் போனாள். செங்கல்லைத் தாண்டும்போது காருக்கடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கார் பெட்டிகளை ஒட்டி அழகாக வளைந்து, அந்தப் பக்கம் போய் நின்றது. இறங்கியவள் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் இவர். "தள்ளு, பிரேக்னா என்னன்னு நான் காட்டறேன்."

காட்டினார். அவளைவிட வேகமாக வந்து ஓங்கி மிதித்தார். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது.

"ஐயய்யோ, பிரேக் புட்டுக்கிச்சு!" என்று காலை எடுத்தார். வண்டி ஓடியது. திரும்ப மிதித்தார், உதறியது, எடுத்தார், ஓடியது. அட்டைச் சுவர் மொத்தமும் பொலபொலவென்று காரின் தலையில் சரிந்தது.

"அத்தான், அடி ஒண்ணும் படலியே?" என்று மச்சினன் ஓடி வந்தான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது நன்றாகவே தெரிந்தது.

வெளிறிப்போய் இறங்கினார். "பெடல் உதறுது. வண்டியில ஏதோ கோளாறு. உனக்கு உதறலையா?"

"உதறிச்சுங்க. நீங்கதானே சொன்னீங்க, விடும் பிடிக்கும்னு. சரி, அது அதோட வேலையைப் பாக்குதுன்னு நெனச்சுக் காலை எடுக்கவே இல்ல. பெட்டியைச் சுத்தித் திருப்பினேன், திரும்பிச்சு."

அவருடைய பாடத்தைக் கேட்டுப் பாஸானது அவள். ஃபெயிலானது வாத்தியார்.

திங்கட்கிழமை காலை, மழை. சாவி அவளிடம். "வழியில இறக்கி விடறேன், ஏறுங்க" என்றாள். மானத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினார். திருப்பத்தில் முன்னால் போன லாரி சடாரென்று நிற்க, மனுஷன் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தார். கார் சமத்தாக நின்றது.

அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

"இப்போ கரெக்டா விடாம மிதிக்கிறீங்க. என்ன, அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க."