அமாவாசைக் கூட்டமும் உன் போட்டோவும்

கள்ளக்குறிச்சி

அன்புப் பேத்தி கலையரசிக்கு, ஆயா சின்னப்பொண்ணு ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பனும் நம் அப்பளம் காயும் மொட்டை மாடியும் சுகம். உன் சுகத்தை நீ போனில் அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவதால் விவரமாக எழுதவும். நான் வாயைத் திறந்தாலே உன் ஆபீசில் மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன அமாவாசையன்று நீ என்னிடம் கத்தினாயே, அதற்குப் பதில் சொல்ல அன்றைக்கு நீ விடவில்லை. நியாயத்தைக் கேள். மரவள்ளி அப்பளத் தொழிலை ஆரம்பித்து வைத்தபோது, "ஆயா, மாசத்துல ஒரு நாளு கையக் கழுவிட்டு ஒக்காரணும். இன்னா நல்லா வந்துச்சி, இன்னா கெட்டுச்சி, இனிமே இன்னா மாத்தணும்னு கேக்கணும்" என்று சொன்னது யார்? நீதானே. அமாவாசையன்று வீட்டுக்கு வீடு படையல், அப்பளம் தட்ட ஆள் வராது, மத்தியானம் சும்மாதான் இருப்பார்கள் என்று நாள் குறித்ததும் நீதான். நீ சென்னைக்குப் போன பிறகும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அப்பளம் தட்டும் ராணியம்மாள் மருமகளோடு சண்டை போட்ட நாளில் அப்பளம் தடியாகிப் பொரியாமல் போகிறது என்று நாலாவது கூட்டத்தில் கண்டுபிடித்தவள் நான். இப்போது காலையில் வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பேன், சரியில்லை என்றால் பாக்கெட் போட உட்கார்த்திவிடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இது போதாதா?

ஆனால் நீ கேட்டால் வரிசையாகப் பதில் சொன்னவர்கள், நான் கேட்டால் "ஒனக்குத் தெரியாததா ஆயா" என்று சொல்லிவிட்டு டிவி சீரியல் கதைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மரியாதை இருக்கட்டும் என்று நீ பட்டம் வாங்கிய போட்டோவை ஆணியிலிருந்து கழற்றி, நீ உட்காரும் நாற்காலியில் வைத்தேன். கண்ணாடி மொட்டையாக இருக்கிறது என்று, ராணியம்மாளோடு அப்பளம் தட்டும் ஜெயசுதா ஒரு பொட்டு வைத்தாள். ருசி பார்க்கப் பொரித்த அப்பளத்தைத் தட்டோடு உன் முன்னால் வைத்தோம். ஈ மொய்த்ததால் ஊதுபத்தி கொளுத்தினோம். இதில் என்ன தப்பு சொல்?

அன்றைக்குப் பார்த்து உன் தாத்தாவின் தங்கை ரங்கம்மாள் தியாகதுருகத்திலிருந்து அப்பளம் வாங்க வந்தாள். அவள் படியேறும் நேரம், இந்த மாதம் என்ன கெட்டது என்று நான் கேட்டிருந்தேன், ராணியம்மாளும் ஜெயசுதாவும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ரங்கம்மாள் நாற்காலியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பையைக் கீழே போட்டாள்.

"எப்ப அண்ணி? எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே."

நான் கூட்டத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "இன்னாத்த சொல்லி அனுப்பறது, மாசாமாசம் நடக்கறதுதானே. அவ போனதுலருந்து இது பத்தாவது" என்றேன்.

"பத்து மாசமாச்சா" என்றவள் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள் பார், வெள்ளிமலையிலிருந்து கிழங்கு இறக்க வந்தவர்கள்கூட மூட்டையைப் போட்டுவிட்டு மேலே வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. யாரோ உன் அப்பனுக்குப் போன் போட, அவன் உனக்குப் போட, நீ எனக்குப் போட்டுக் கத்தினாய்.

உண்மையை நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சென்னப் பட்டணம் தின்னுடுச்சே எங் கண்ண" என்று அவள் இழுத்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. நீ உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும், காலையில்தான் வாட்சப்பில் உன் கட்டைவிரல் வந்திருந்தது. ஆனாலும் பத்து மாதமாக அழ ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தேன், கிடைத்ததை விடவில்லை. என்னைப் பார்த்து ராணியம்மாளும் ஜெயசுதாவும் அழுதார்கள். யாரும் யாரையும் எதற்கு என்று கேட்கவில்லை.

செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதே. "இனிமே மீட்டிங்கும் வாணாம் ஒண்ணும் வாணாம், நிறுத்து ஆயா" என்றாய். நிறுத்திவிட்டேன். போட்டோ ஆணிக்குப் போய்விட்டது. நீயும் வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. எங்களுக்குப் பழகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியைத் துடைத்துப் போடு. கன்னியம்மன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும், போனில் உன் கத்தலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ரங்கம்மாளும் உன்னை நூறு வருடம் வாழச் சொன்னாள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் பேத்தியின் ஆயா,
சின்னப்பொண்ணு

பின்குறிப்பு: வருகிற அமாவாசை ஞாயிற்றுக்கிழமை, காலண்டரில் பார்த்துவிட்டேன், உனக்கும் லீவு. மழை பிடித்துப் பத்து நாளாக ஒரு அப்பளமும் தட்டவில்லை, நல்லா வந்ததும் இல்லை, கெட்டதும் இல்லை, பேசிப் பார்க்க ஒன்றுமே கிடையாது. ஆனாலும் கூட்டம் உண்டு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது ஒரு போன் போடு. நீ வந்த பிறகு ஆரம்பிக்கிறோம்.