ஏழாம் கட்டத்தில் லெசித்தின்

பட்டினி, போர், லெசித்தின் ஆகிய பேராபத்துகளில் மூன்றாவதிலிருந்து மட்டுமாவது மனிதகுலத்தை முழுமையாக மீட்ட பெருமை வால்மோரா நகர உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தையே சேரும். அந்தப் பெருமையில் பாதி ஆய்வாளர் எர்மேதே பஸ்ஸோனிக்கு உரியது. இருபத்திரண்டு வருடமாக அவர் முத்திரை குத்தாத எதுவும் வால்மோராவில் உண்மையாக இருந்ததில்லை.

ஈஸ்டருக்குப் பதினொரு நாள் இருக்கும்போது சாக்லேட் கடைக்காரி ஒர்னெல்லா, கோகோ ஒட்டிய மேலங்கியோடு அவர் மேசை முன் வந்து நின்றாள். அந்த ஊரில் படித்த அதிகாரிகள் எல்லோரும் 'தொத்தோரே'தான்.

"தொத்தோரே, சாக்லேட் கட்டி தட்டாம ஓடறதுக்கு லெசித்தின் போடுவோமில்ல, இந்த வருஷம் சூரியகாந்தியில எடுத்தது கெடைக்கல. சோயாவுல எடுத்ததைப் போட்டு ஈஸ்டர் முட்டை எல்லாம் செஞ்சிட்டேன். லேபிள்ல சோயான்னு மாத்தணும். மருந்துக்கடை லுயீஜாவோட பொண்ணுக்குச் சோயா ஆகாது. போன வருஷம் ஒரு பிஸ்கட்டுக்கே மூச்சு முட்டிருச்சு. வருஷாவருஷம் எங்கிட்டதான் முட்டை வாங்குவாங்க."

பஸ்ஸோனிக்கு உள்ளம் குளிர்ந்தது. கூப்பிடாமலே வந்து உண்மை சொல்லும் குடிமக்கள் அருகிவிட்ட காலம். 'லேபிள் திருத்த விண்ணப்ப'த்தை இரு கைகளாலும் நீட்டினார். ஏழாம் கட்டம் லெசித்தினின் எடையைக் கிராமில் கேட்டது. ஊரில் எல்லாச் சமையல் புத்தகங்களிலும் இருப்பதுபோல ஒர்னெல்லா அதில் 'போதுமான அளவு' என்று எழுதினாள்.

"இது எண்ணு போடற கட்டம், சிஞ்ஞோரா. எழுத்துப் போட்டா கம்ப்யூட்டர் துப்பிரும்."

"ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஒரு நாளைக்குக் கம்மி. ஐரோப்பியச் சட்டத்துலயே லெசித்தினுக்குப் 'போதுமான அளவு'ன்னுதானே இருக்கு? அதுவும் லத்தீன்ல."

"சட்டம் சொல்லலாம். நீங்க சொன்னா அது அலட்சியம்."

ஆனாலும் பஸ்ஸோனி விஷயத்தைக் கிடப்பில் போடுகிறவர் அல்ல. மறுநாளே 'தொழில்நுட்ப மேசை' என்று பெயரிட்ட ஐந்து பேர் குழு கூடியது. பொருள்: போதும் என்றால் எவ்வளவு? லெசித்தினால் ஆபத்தில்லை என்பது முதல் நிமிடத்திலேயே ஒருமனதாக ஏற்கப்பட்டது. மீதி மூன்று மணி நேரமும், ஆபத்தில்லாத ஒன்றை எத்தனை கிராமோடு நிறுத்துவது என்பதில் போயிற்று. ஒரு சாக்லேட் நிபுணரைக் கேட்கலாமே என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னார். வெளித் தலையீடு கூடாது என்று அலுவலக இயக்குநரான அம்மையார் கண்டித்தார். ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு துணைக்குழு அமைப்பதென்று முடிவாயிற்று.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்றாள் முடிவைக் கேட்க வந்த ஒர்னெல்லா.

"பழைய லேபிளோட வித்துக்கங்க. அதுக்கு அனுமதி இருக்கு."

"அதுல சூரியகாந்தின்னு இருக்கே. பொய்யில்லையா?"

"பொய்தான். ஆனா முறைப்படி அனுமதிச்ச பொய்."

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு."

ஒர்னெல்லா தன் விண்ணப்பத்தை மடித்து மேலங்கிப் பையில் செருகிக்கொண்டு போனாள். பஸ்ஸோனிக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. காலையில் குடித்த மூன்றாவது காபி என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை ஆய்வுக்குப் போனபோது கடை ஜன்னலில் நூற்று நாற்பது முட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளைச் சாக்லேட்டால் கொட்டை எழுத்து: 'இதில் சோயா இருக்கிறது'. லுயீஜா தன் மகளோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். முட்டையை எடுத்தாள், படித்தாள், சட்டென்று கீழே வைத்தாள்.

"நல்லவேளை எழுதி வெச்சீங்க, ஒர்னெல்லா. லேபிளை நம்பி வாங்கியிருப்பேன்."

மகளுக்குச் சர்க்கரையில் ஊறவைத்த பேரிக்காய் வாங்கிக்கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பஸ்ஸோனி அந்தச் சிறுமி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

"முட்டை மேல வாழ்த்து எழுதலாம், சிஞ்ஞோரா, பேர் எழுதலாம். தகவல் எழுதக் கூடாது."

"எழுதிக்கங்க, தொத்தோரே," என்றாள் ஒர்னெல்லா. "பேனா வேணுமா?"

அலுவலகத்தின் ஆண்டறிக்கையை வழக்கம்போல பஸ்ஸோனியே தயாரித்தார். 'சோயா ஒவ்வாமையால் பாதிக்கப்பட்டோர்: எவருமில்லை. இது இவ்வலுவலகத்தின் இடையறாத கண்காணிப்புக்குக் கிடைத்த வெற்றி.' அதற்கு அடுத்த வரி: 'விதிமீறல்: ஒன்று. கடை உரிமையாளர் ஒர்னெல்லா, உரிய அனுமதியின்றி உண்மையை எழுதியது.'