பாத்தியில் ஒரு முகம்

அம்மாக்கண்ணுவின் கணவர் கத்தரிச்செடிக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து எட்டு மாதமாகிறது.

"அண்ணே, இங்குட்டு வாங்க!" என்று வாசலில் நின்று அம்மாக்கண்ணு போட்ட சத்தத்தில் காரைக்குடியின் அந்தச் சின்னத் தெருவில் மூன்று ஜன்னல்கள் திறந்தன.

முத்தரசு மண்கையோடு ஓடி வந்தார். ஹெட் கிளார்க்காக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று, நின்றபடியே தோட்டம் போட இடுப்பு உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டியிருந்தார். எதையும் கடையில் வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இடித்த வீட்டிலிருந்து நாலு ஜன்னல்களைத் தூக்கி வந்து சதுரமாக நிறுத்தி, உடைந்த கட்டிலின் சட்டங்களால் முட்டுக்கொடுத்து, உட்புறம் பழைய பிளக்ஸ் பேனரைச் சுற்றி, மண்ணையும் சாணி எருவையும் கொட்டிவிட்டார். வெயில் விழுவது முன்வாசலில் மட்டும்தான் என்பதால் பாத்தி தெருவைப் பார்த்து நின்றது. ஜன்னல் கம்பி வழியாக, பேனரில் இருந்தவரும் தெருவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிச்சதில்ல. அவரைப் போயிக் கம்பிக்குள்ள நிக்க வச்சிருக்கீகளே!"

"குப்பையில கிடந்துச்சு தங்கச்சி. யாரு படம்னு நான் பாக்கலை. இந்தா, இப்பத் திருப்பிடுறேன்."

மண் முழுவதையும் வெளியே அள்ளி, பேனரைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, மறுபடி மண்ணை நிரப்பினார். இடுப்பு கெஞ்சியது. சாயங்காலம் அம்மாக்கண்ணு வந்து பார்த்தார்.

"படம் எங்கண்ணே?"

"உள்பக்கம் இருக்கும்மா."

"அப்ப மூஞ்சியச் சாணிக்குள்ள புதைச்சிட்டீக!"

அம்மாக்கண்ணு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மண் இரண்டாம் முறை வெளியே வந்தது. முத்தரசு பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, பட்டுச்சேலை மாதிரி மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"செத்தவுக படம் வச்சாத்தான் வம்பு," என்று மனைவி சந்திரலேகாவிடம் சொல்லிவிட்டு, அடுத்து ஒரு காதணி விழா பேனரைச் சுற்றினார். சுபகாரியம். இரண்டு குழந்தைகள், மொட்டைத் தலையில் சந்தனம், யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

மறுநாள் காலை ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் வீரணன், குழந்தைகளின் சின்ன மாமன்.

"சார், பெரிய மாமன் பேரு மேல பளிச்சுனு தெரியுது. என் பேரை மட்டும் மடிச்சு மண்ணுக்கு அடியில விட்டிருக்கீகளே, எவன் சொல்லிச் செஞ்சீக?"

"சத்தியமா யாரும் சொல்லலை தம்பி!"

மண்ணை அள்ளிப் பேனரை ஒரு அடி மேலே இழுத்தார். வீரணன் பெயர் வெளியே வந்தது; மேல் விளிம்பை உள்ளே மடித்ததில் பெரிய மாமன் பெயர் போய்விட்டது. மத்தியானம் பெரிய மாமன் வந்தார். கூடவே நாலு பேர் வந்தார்கள். முத்தரசு பேனரை உருவி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"ஒரு பேருக்காகவா இம்புட்டுச் சண்டை? இவங்கள்லாம் மனுசங்களா?"

அடுப்படியிலிருந்து சந்திரலேகாவின் குரல் வந்தது. "ஒக்கூர்ல இருக்கிற தம்பிகிட்ட ஒம்பது வருசமா நீங்க பேசாம இருக்கிறது எதுக்காம்?"

தம்பி குழந்தைவேலு புதுவீடு குடிபோனபோது, பத்திரிகையில் அண்ணன் பெயரை மச்சினன் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

"அது வேற," என்றார் முத்தரசு.

"ரெண்டு தடவை வந்து வாசல்ல நின்னுட்டுப் போனாரு. நீங்கதான் கதவைத் திறக்க விடலை."

"அதான் அது வேறன்னு சொல்றேன்ல?"

சந்திரலேகா அடுப்பை அணைத்தார். பிறகு வெளியே வந்து பாத்தியைப் பார்த்தார். "ஊரார் மூஞ்சி எதுக்கு? உங்க மூஞ்சியவே வைங்க. யாரு வந்து கேக்கப்போறா?"

அவர் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ் வாசலில் கட்டிய பேனர் பரணில் இருந்தது. கூப்பிய கையோடு முத்தரசு. கீழே 'முப்பத்தாறு ஆண்டுப் பயணம் இனிதே நிறைவுற்றது' என்று பெரிய எழுத்து. சுற்றி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. சந்திரலேகா பூத்த செண்டுமல்லிச் செடிகளாகப் பார்த்து வாங்கிவந்து விளிம்பில் வரிசையாக நட்டார். பூக்கள் படத்தின் நெற்றிமேல் தொங்கின.

மறுநாள் சனிக்கிழமை. முத்தரசு உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கொல்லையில் ஊறிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். இருபது பேர் நின்றார்கள். வீரணன் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பாத்தியைப் பார்த்தபடி அம்மாக்கண்ணு அழுதுகொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் படத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் குடுத்த மனுசனாச்சே!"

"யாரு தங்கச்சி?" என்று பின்னாலிருந்து முத்தரசு கேட்டார்.

"நம்ம முத்தரசு அண்ணன்தாண்ணே," என்று திரும்பிய அம்மாக்கண்ணு போட்ட அலறலில் வீரணன் கையிலிருந்த நாற்காலி விழுந்தது.

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. பித்தான் மாற்றிப் போட்ட சட்டையும், கையில் ஆளுயர ரோஜா மாலையுமாக இறங்கிய குழந்தைவேலு, யாரையும் பார்க்காமல் ஓடிவந்து பாத்தியின் ஜன்னல் கம்பிகளைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே! பேரைக் கீழ போட்ட பாவி நான். அதுக்காக இப்படியா சொல்லாமப் போவீக!"

முத்தரசு முன்னால் வந்தார். எண்ணெயோடு கண்ணீரும் வழிந்தது.

"டேய் குழந்தை..."

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"அண்ணே, இருக்கீகளா?"

"இருக்கேன்டா. யாரு உனக்குச் சொன்னது?"

"தெரியலையேண்ணே. யாரோ விடியக்காலம் போன்ல சொன்னாக. நான் அப்படியே ஓடியாந்தேன்."

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்க நல்லெண்ணெய் ஆனது. நடுவில் ரோஜா மாலை நசுங்கியது.

"இனிமே எந்தப் பத்திரிகைன்னாலும் உங்க பேருதாண்ணே முதல்ல."

"பேரு கிடக்கட்டும்டா. உள்ள வந்து சாப்பிடு."

ஐந்து ஈடு இட்லி வெந்து தயாராக இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். சந்திரலேகா சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது, கொல்லைக் கதவருகே பால்கேனோடு வந்து நின்ற பால்காரர் ஐயனார் உள்ளே குரல் கொடுத்தார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே உங்க கொழுந்தனாருக்கு விடியமுன்னயே போன் போட்டுட்டேன். தெருவிலயும் சொல்லியாச்சு. அண்ணன் தவறிட்ட சேதிய இன்னும் யாருக்காச்சும் சொல்லணுமா?"