சருகு சாரைத் தேடிப் போன காலை

டெல்லியில் ஆட்டிடம் சொல்லிக்கொண்டு ஆபீஸ் கிளம்பிய ஒரே மத்திய சர்க்கார் ஊழியர், எனக்குத் தெரிந்து, சருகு சார்தான். ஆடு தலையாட்டினால் பஸ் பிடிப்பார். ஆட்டாவிட்டால் அன்றைக்கு லீவு.

எழுபதுகளின் கடைசியில் முனிர்காவில் நான் குடியிருந்த அறைக்கு மேலே, மொட்டைமாடி அறை அவருடையது. திருநெல்வேலிக்காரர், பிரம்மச்சாரி. கூட இருந்தது ஜமுனா என்ற வெள்ளாடு. பக்கத்துப் பாறைக்காட்டில் மண்டிக்கிடக்கும் காட்டு இலந்தையை வெட்டிக் காயப்போடுவார். தடியால் அடித்தால் முள் தனி, இலை தனி. அந்தச் சருகுதான் குளிர்காலம் முழுக்க ஜமுனாவுக்குத் தீனி. அறை நிறையக் கோணி கோணியாக அடுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் சந்தில் தான் படுத்துக்கொள்வார்.

மாடியில் பரப்பிய சருகு காற்றில் நகர்ந்தால், கீழே எனக்கு யாரோ காலைத் தேய்த்து நடப்பதுபோலக் கேட்கும். வேலை தேடி வந்து என்னோடு தங்கிய சிநேகிதன் ஒரு மத்தியானம் அதைக் கேட்டுவிட்டுப் பெட்டியோடு கிட்வாய் நகர் மாமா வீட்டுக்கு ஓடினான்.

"வெறும் சருகுக்குப் பயந்துட்டான் சார்" என்று சிரித்தேன்.

"சருகா? காலைலயே எல்லாத்தையும் கோணியில கட்டிட்டுல்லா போனேன்" என்றார் சார்.

அன்றிலிருந்து நானும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

ஒரு டிசம்பர் ஞாயிறு. கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. விடியலில் காட்டுக்குப் போன சார் பத்து மணியாகியும் திரும்பவில்லை. மாடியில் ஜமுனா கத்திக்கொண்டே இருந்தது.

"மத்ராஸி பாபு நஹி ஆயா! ஜல்தி ஜாவ்!" என்று சாரைத் தேடிப் போகச் சொல்லி வீட்டுக்கார அம்மாள் ஆட்டுக் கயிற்றை என் கையில் திணித்தாள்.

ஆடு வழிகாட்ட, நான் பின்னால் போனேன். காட்டுக்குள் நுழைந்ததும் தடி அடிக்கும் சத்தம் கேட்டது. தப்... தப்... அப்பாடா என்று சத்தத்தை நோக்கி நடந்தேன். சட்டென்று ஜமுனா காலை ஊன்றி நின்றுவிட்டது. இழுத்தேன். அசையவில்லை.

"அந்தப் பக்கம் போவாதேயும்வே!"

குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது. பனி லேசாக விலக, இடிந்த சமாதி ஒன்றின் சுவரோரம் சார் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. பனி இன்னும் கொஞ்சம் விலகியபோது பார்த்தேன். எனக்கு இரண்டடி முன்னால் கைப்பிடிச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. அதன் மறுகரையில் முள் தனியாக, இலை தனியாகக் குவிந்திருந்தன. ஆளைக் காணோம். சத்தமும் நின்றுவிட்டது.

"நீங்கதானே சார் அடிச்சீங்க?"

"வந்ததுமே கால் இடறிட்டு. தடி கிணத்துக்குள்ள போயிட்டு. அப்புறம் நானும் உம்ம மாதிரி கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?"

"கொடுக்கலாம். அவன் 'என்ன'ன்னு கேட்டுட்டா?"

அந்த இலையை ஜமுனா தூரத்திலிருந்தே மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தொடாதேயும். எவனோ பாடுபட்டது" என்றார் சார்.

அவரை முதுகில் சுமந்துகொண்டு நடந்தேன். வழிநெடுக, தன் செக்‌ஷன் ஆபீசர் மேஜைக்கடியில் செருப்பைத் தொலைத்த கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் எழும் எதுவும் என் காதில் விழக்கூடாதென்றுதான் அந்தக் கதை என்பது வீட்டு வாசலில்தான் எனக்கு உறைத்தது. இறக்கிவிட்டபோது மனுஷர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

தான் நடுங்கிக்கொண்டே எனக்குத் தைரியம் கொடுக்க, அதற்கப்புறம் யாரும் வாய்க்கவில்லை.