முட்டைக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி

காலை ஐந்து மணிக்கு பஸ் டிரைவருடைய மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள் கிடைத்தது. முட்டை வைக்கிற தட்டில், ஆறு முட்டைக்கு நடுவே ஏழாவதாக உட்கார்ந்திருந்தது.

எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். மூக்கு ஜில்லிட்டது.

இந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட். மனைவி எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்ப வேண்டும். திங்களன்று கைக்கடிகாரம் சர்க்கரை டப்பாவில் இருந்தது. செவ்வாயன்று சாவிக்கொத்து ஷூவுக்குள் இருந்தது. இன்றைக்கு இது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். மனைவி இருபத்தெட்டு வருஷமாகக் கரண்டியைக்கூட ஒரே ஆணியில் மாட்டுகிறவள். ஆகவே வைத்தது அவர்தான். வைத்த ஞாபகம் மட்டும் துளிகூட இல்லை.

டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது. அடுத்த வெள்ளிக்கிழமை டிப்போ மருத்துவமனையில் ஞாபகப் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, பயணிகள் தொலைத்த பொருள்களை வைக்கிற அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். போன வருஷம் அப்படி உட்கார்ந்தவர் இப்போது குடைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். டிரைவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அன்று மதியம் ஓய்வறை ரேடியோவில் யாரோ ஒரு நிபுணர் பேசினார். "செஞ்ச வேலையையே செஞ்ச மாதிரியே செஞ்சுக்கிட்டிருந்தா மூளை தூங்கிடும். இடது கையால பல் தேயுங்க. பொருளையெல்லாம் இடம் மாத்தி வைங்க. வேலைக்குப் புது வழியில போங்க."

டிரைவர் மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. பாவம், பயந்துவிடுவாள்.

வியாழக்கிழமை இடது கையால் பல் தேய்த்தார். பற்பசை காதுவரை போனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சவரத்தையும் இடது கையாலேயே செய்தார். மீசையில் பாதி போயிற்று. பார்க்கச் சகிக்காமல் மீதியையும் எடுத்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள், "என்னங்க, மீசை எங்கே?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதையும் எங்கேயாவது வைத்துவிட்டோமா என்று ஒரு கணம் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

அன்றே வீட்டுப் பொருள்களை இடம் மாற்ற ஆரம்பித்தார். சாவிக்கொத்து மறுபடியும் ஷூவுக்குள் இருந்தது. அதைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தார். பூந்தொட்டியில் கத்தரிக்கோல் கிடந்தது. 'இதையும் நாமதான் வெச்சிருப்போம்' என்று நொந்துகொண்டு அதைத் தலையணை உறைக்குள் செருகினார்.

மறுநாள் காலை கடிகாரத்துக்குப் பின்னால் சாவி இல்லை. மாவு டப்பாவில் இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழைய மறதியாவது வைத்ததை மறந்த மறதி. இது, வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தும் பொருள் இல்லாத மறதி. இதற்குப் பெயர்கூட இருக்குமோ இருக்காதோ.

எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மேஜைமேல் வைத்தார். சனிக்கிழமை நோட்டையே காணோம். சலவை மெஷினுக்குள், துவைத்துப் பிழிந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"என்னம்மா தேடறே?"

"ஒண்ணுமில்லைங்க."

"முட்டையா?"

"ஆமா, முட்டைதான்" என்றாள், முட்டைகளைப் பார்த்துக்கொண்டே. கண் கலங்கியிருந்தது.

இவளுக்குத் தெரிந்துபோயிற்று என்று டிரைவருக்குப் புரிந்தது. நமக்கு முற்றிவிட்டது, வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இவள் உள்ளுக்குள் புழுங்குகிறாள். இனி பொறுப்பதற்கில்லை. மிச்சமிருந்தது மூன்றாவது வைத்தியம், புது வழி.

திங்கட்கிழமை காலை நாற்பது பயணிகளோடு பஸ் நாற்சந்தியில் இடதுபக்கம் திரும்பியது.

"அண்ணே, நாம வலதுபக்கமில்ல போகணும்?" என்றார் கண்டக்டர்.

"இருபத்தாறு வருஷமா வலதுபக்கம் போயாச்சுப்பா. மூளைக்கு நல்லதில்லை."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யார் மூளைக்குண்ணே?"

பதில் வருவதற்குள் தெரு குறுகி, காய்கறிச் சந்தையாகிவிட்டது. ஒருபக்கம் வெங்காய மூட்டை, மறுபக்கம் தக்காளிக் கடை. பஸ் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள் எட்டிக் கைநீட்டித் தக்காளி பொறுக்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போகிறவர்கள் போனில் லீவு சொன்னார்கள். பஸ்ஸை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

டிப்போ மேனேஜர் கத்தவில்லை. அதுதான் மோசம். "வெள்ளிக்கிழமைவரைக்கும் எதுக்கு? இப்பவே டாக்டரைப் போய்ப் பாருங்க. பஸ் சாவியை வெச்சுட்டுப் போங்க."

டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். டிரைவர் ஐந்தையும் சொன்னார். எண்களைத் தலைகீழாகக் கேட்டார். அதையும் சொன்னார். கேட்காமலே, தன் பஸ் போகும் முப்பத்துநாலு நிறுத்தங்களையும் கடைசியிலிருந்து ஒப்பித்தார்.

"உங்க ஞாபகம் என்னைவிட நல்லாயிருக்கே. தாராளமா வண்டி ஓட்டலாம்" என்றார் டாக்டர்.

"அப்ப என் கண்ணாடி எப்படி டாக்டர் ஃபிரிட்ஜுக்குள்ள போச்சு? கடிகாரத்துக்குப் பின்னால வெச்ச சாவி எப்படி மாவு டப்பாவுக்கு வந்துச்சு?"

டாக்டர் தாடையைச் சொறிந்தார். புத்தகத்தில் இல்லாத நோய்.

ஓரமாக உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் முகவரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டிரைவர் குடியிருப்பு, மூணாவது மாடி, கடைசி வீடா?"

"ஆமாம்மா."

"அப்ப அவங்க உங்க வீட்டம்மாவா? போன மாசம் மறதின்னு பயந்துக்கிட்டு வந்தாங்க. தினம் ஒரு பொருளை இடம் மாத்தி வைங்க, மறுநாள் யாரையும் கேக்காம நீங்களே தேடி எடுங்கன்னு நம்ம டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். இன்னிக்குக் காலையில வந்து ஒரே அழுகை சார், ஒரு வாரமா வெச்ச பொருள் ஒண்ணுகூட வெச்ச இடத்துல இருக்க மாட்டேங்குதாம்."