மேடு பள்ளம் இல்லாத மலைச் சைக்கிள் தடம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் இன்றைக்கும் கொண்டாடுகிறது. அது அப்படியொன்றும் பெரிய காரியம் அல்ல. உருண்டையாக எதையாவது பார்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அந்தச் சக்கரம் போகிற வழியில் என்னென்ன இருக்கக் கூடாது என்று குளிரூட்டிய அறையில் கூடி உட்கார்ந்து தீர்மானித்தார்களே, அவர்களால்தான் நாகரிகம் வளர்ந்தது. அப்படி நாகரிகத்தை வளர்த்தவர்களில் ஒருவர்தான் பொழுதுபோக்குப் பாதைகள் துறையின் துணை இயக்குநர்.

பாதை விஷயத்தில் அவர் புலி. வரைபடத்தை மேசையில் விரித்துப் பேனா மூடியால் ஒரு கோடு இழுத்தாரானால், அந்தக் கோட்டில் குளம் இருந்தாலும் சரி, குடியிருப்பு இருந்தாலும் சரி, பாதை வந்தே தீரும். லிஃப்டிலிருந்து நாற்காலி வரை உள்ள தூரத்தைத் தவிர வேறெங்கும் நடந்து பழக்கமில்லாத ஒருவருக்குப் பாதைகளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தது ஆச்சரியம்தான்.

ஊருக்கு வெளியே ஒரு காடு இருந்தது. காட்டைத் தாண்டினால் ஏறியும் இறங்கியும் போகிற புல்மேடுகள். அவற்றின் வழியே ஓர் ஒற்றையடிப் பாதை. விடுமுறை நாட்களில் மலைச் சைக்கிள் சங்கத்தார் அந்தப் பாதையில் வேர்களிலும் பாறைகளிலும் குலுங்கிக் குலுங்கிப் போவார்கள். உடம்பெல்லாம் சேறும் முகமெல்லாம் சிரிப்புமாகத் திரும்பி வருவார்கள். எந்தத் துறையின் அனுமதியும் இல்லாமல் மனிதர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது பாதைகள் துறையின் இயக்குநர் அம்மாவின் கண்ணை உறுத்தியது. துணை இயக்குநர், பொறியாளர், வன அதிகாரி, சைக்கிள் சங்கச் செயலாளர் எல்லோரையும் சேர்த்துப் பாதையை ‘மேம்படுத்த’ ஒரு குழு அமைத்தார்.

முதல் கூட்டத்திலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். “திறப்பு விழாவில சும்மா ரிப்பன் வெட்டிட்டு வரக் கூடாது. குழுவில இருக்கிற அத்தனை பேரும் சைக்கிள்ல போகணும். நம்ம துணை இயக்குநர் முன்னாடி போகட்டும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். துணை இயக்குநர் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தை மெல்லச் சொன்னார்.

“என்னது, ஓட்டத் தெரியாதா? கல்யாணத்தப்போ சொல்லவே இல்லையே!”

“நீ கேக்கவே இல்லையே.”

அந்த அம்மாள் கல்லூரிக் காலம் முழுக்கச் சைக்கிளிலேயே போய் வந்தவர். மறுநாள் காலையே ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கணவரை ஏற்றி உட்கார வைத்தார்.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்.”

“நிஜமாப் பிடிச்சிருக்கியா?”

“கல்யாணமான நாள்லேருந்து பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்! நேராப் பார்த்து மிதிங்க.”

அவர் மிதித்தார். மனைவியின் குரல் வரவரத் தூரத்திலிருந்து கேட்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தார். அம்மாள் வெகு பின்னால் நின்று இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார். துணை இயக்குநர் நேராகப் போய்க் குடியிருப்போர் சங்கத் தலைவரின் பூந்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே மனைவி சொன்னார்: “நாளைக்கே போய்த் தெரியாதுன்னு சொல்லிடுங்க. தலையையா வாங்கிடுவாங்க?”

“பாதைகள் துறையில இருந்துக்கிட்டு அதை எப்படிச் சொல்றது? அப்புறம் எவன் என்னை மதிப்பான்?”

“பூச்சி மருந்துத் துறையில இருந்தா குடிச்சுக் காட்டுவீங்களா?”

அதைக் கேட்டதும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. தனக்குச் சமநிலை வரவில்லையா, நிலத்தைச் சமன் செய்துவிட்டால் போயிற்று. சாதாரண மனிதனாக இருந்தால் சைக்கிள் கற்றுக்கொண்டிருப்பான். நிர்வாகியின் மூளையே தனி.

அடுத்த கூட்டத்துக்கு முழங்கையில் கட்டோடு வந்தவர், “பாதுகாப்பு” என்று ஆரம்பித்தார். எந்தக் கூட்டத்திலும் யாராலும் எதிர்க்க முடியாத சொல் அது.

“பாதை முழுக்க வேர் இருக்கு. எடுத்துடணும்.”

சைக்கிள் சங்கத்தின் செயலாளர் பதறிப்போனார். அவர் தொழிலில் பல் மருத்துவர். அவர் இந்தச் சங்கத்தை ஆரம்பித்ததில் உள்நோக்கம் இருப்பதாகச் சொல்கிறவர்கள் வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

“சார், வேர் இருக்கணும். பாறை இருக்கணும். குழியும் இருக்கணும். அதுல ஏறி இறங்கிப் போறதுக்குப் பேர்தான் சார் மலைச் சைக்கிள்!”

“டாக்டர், என் சர்வீஸ்ல குழியை மூடச் சொல்லித்தான் எல்லாரும் வந்திருக்காங்க. வேணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்.”

“அதுக்கு ஏன் கவலைப்படறீங்க?” என்று பொறியாளர் ஆதரவாகச் சொன்னார். “நாங்க ரோடு போட்டா குழி தானா வந்துடும்.”

டாக்டர் நம்பிக்கையோடு வன அதிகாரியைப் பார்த்தார். வன அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மரங்களும் பாதையை ஒட்டி நிக்குது. ஒவ்வொரு திருப்பத்துலயும் திடீர்னு எதிர்ல வருது.”

“மரம் வரலை சார், நாமதான் போறோம்!”

“தப்பு யார் மேலங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல மரத்தை அப்புறப்படுத்தணும்.”

டாக்டர் கடைசி முயற்சியாகத் துணை இயக்குநரைக் கையோடு காட்டுக்கு அழைத்துப்போனார். இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பறவை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மேட்டின் மேல் ஏறி நின்றபோது புல்வெளி அலை அலையாக இறங்கிப் போவது தெரிந்தது.

“ரொம்ப அழகா இருக்கு டாக்டர்” என்றார் துணை இயக்குநர். மனதார, பொய் கலக்காமல்தான் சொன்னார்.

பிறகு அந்த அழகில் சைக்கிளோடு இறங்கப் போவது தானே என்பது ஞாபகம் வந்தது.

அடுத்த கூட்டத்தில் மேடு போயிற்று. வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டியதால் பள்ளமும் போயிற்று. வளைவுகள் ஆபத்து என்று பொறியாளர் பாதையை நிமிர்த்தினார். வழியில் இருந்த ஓடையைத் தாண்டுவதற்குப் பதிலாக அதைக் குழாய்க்குள் விடலாம் என்று வன அதிகாரி சொன்னார். எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் போகும்படி அகலம் வேண்டும் என்றார் இயக்குநர். தான் எதைச் சொன்னாலும் மறுப்பில்லாமல் ஒப்புக்கொள்வதோடு, தனக்குத் தோன்றாததையும் எடுத்துக்கொடுக்கும் இப்படியொரு குழு அமைந்ததை நினைத்துத் துணை இயக்குநருக்குக் கண் கலங்கியது. நிழல் இல்லையே என்ற பிரச்சினை வந்தபோது, வழி நெடுகத் தகரக் கொட்டகை போட்டு ‘இயற்கைச் சூழலுக்கு ஏற்ப’ பச்சைப் பெயின்ட் அடிக்க முடிவாயிற்று. டாக்டர் இப்போதெல்லாம் பேசுவதில்லை. அவரிடம் பல் பிடுங்க வந்தவர்களைப் போல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

திறப்பு விழா நாள் வந்தது. வழவழவென்று, நேர்க்கோடாக, அடிவானம் வரை தார் மின்னியது. புத்தம் புதுச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தலைக்கவசமும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு, போருக்குப் புறப்பட்டவர்களைப் போலக் குழுவினர் நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள்.

“மேடம் முதல்ல” என்று துணை இயக்குநர் குனிந்து வழிவிட்டார்.

“சேச்சே, பொறியாளர் போட்ட பாதை. அவர்தான் முதல்ல.”

“காடு வன அதிகாரியோடது. அவரை மீறி நான் எப்படி...”

வன அதிகாரி சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, “இதுல பிரேக் எங்கே இருக்கும்?” என்று ரகசியமாகக் கேட்டார்.

அந்த நேரத்தில் துணை இயக்குநருக்குள் ஏதோ பளிச்சென்றது. இயக்குநர் பக்கமாக நகர்ந்து, “மேடம், உங்களுக்கு ஓட்டத் தெரியும்தானே?” என்று கிசுகிசுத்தார்.

“மெதுவாப் பேசுங்க. நீங்க முன்னாடி போனா, உங்க பின்னாடி தள்ளிக்கிட்டே நடந்து வந்துடலாம்னு இருந்தேன்.”

பொறியாளர் கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நல்ல வேளையாகப் பின்னாலிருந்து ஒரு ஹார்ன் கேட்டது. இயக்குநரின் கார்! பாதைதான் அவ்வளவு அகலமாயிற்றே. குழு முழுவதும் இடித்துப் பிடித்துக்கொண்டு காருக்குள் ஏறியது. ஒரு சைக்கிளை மட்டும் காரின் மேல் கட்டிக்கொண்டார்கள், ‘அடையாளபூர்வமாக’. விழா அருமையாக நடந்தேறியது.

அன்றைக்குச் சைக்கிளில் போனவர் ஒரே ஒருவர். துணை இயக்குநரின் மனைவி. பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து வந்து, சும்மா நின்ற சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கார் அவரை உரசுகிற மாதிரி கடந்து போனது. ஜன்னல் வழியே கணவரின் முகத்தைப் பார்த்து அவர் கத்தினார்: “மலை எங்கேங்க? காடு எங்கே?”

“ஓரமாப் போ, ஓரமாப் போ!” என்று கையை ஆட்டினார் கணவர்.

விஷயம் தெரிந்ததும் ஊரிலிருந்த கார்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. லாரிகளும் வந்தன. இவ்வளவு வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் வந்தால் என்ன ஆவது? குழு அவசரமாகக் கூடியது. பாதுகாப்பைக் கருதி, மலைச் சைக்கிள் தடத்தில் சைக்கிள்களுக்குத் தடை விதித்தது. அறிவிப்புப் பலகையில் கையெழுத்து துணை இயக்குநருடையது.

அந்த ஆண்டின் சிறந்த பாதைக்கான விருதும் அதற்கே கிடைத்தது. பாராட்டுரையை இயக்குநர் அம்மா குரல் தழுதழுக்க வாசித்தார்: “திறந்த நாளிலிருந்து இன்றுவரை இந்தத் தடத்தில் சைக்கிளிலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. உண்மைதான். விழுந்ததெல்லாம் மரங்கள்தான்.