அரிசிக் கடைக்காரர் கம்பங்கூழ் குடித்த விவகாரம்

தேனி,
9.2.1978

அன்புத் தம்பி குருசாமிக்கு அண்ணன் சுயம்புலிங்கம் ஆசி கூறி எழுதுவது. மதுரையில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமா இல்லையா என்பதே எனக்கு விளங்கவில்லை.

சென்ற மாதம் கடையில் அரிசி நிறுக்கையில் இடது கை மரத்துப்போய்ப் படிக்கல் கீழே விழுந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினேன். பிரஷர் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், வெள்ளை அரிசியைக் குறையுங்கள், கருவாடு, ஊறுகாய், அப்பளம் தொடாதீர்கள், கம்பு, கேழ்வரகு, காய்கறி சாப்பிடுங்கள் என்றார். அரிசி வியாபாரியிடம் சொல்கிற பேச்சா இது? இருந்தாலும் உயிர்ப் பயம். உன் மதினியிடம் கம்பஞ்சோறு ஆக்கச் சொன்னேன். "நம்ம மக சொர்ணலதாவுக்குச் சின்னமனூர்ச் சம்பந்தம் பேசிப் பூ வைக்கப் போற நேரத்துல, கம்பு இடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்டா நொடிச்சுப் போயிட்டோம்னுல்ல பேசுவாக" என்று உலக்கையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

சரி, கடையில் மூட்டை தூக்குகிற கோட்டைச்சாமியிடம் ஒரு ஏற்பாடு செய்தேன். என் வீட்டுத் தூக்குவாளிச் சோறு அவனுக்கு, அவன் வீட்டுக் கம்பங்கூழ் எனக்கு. நான் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு குடிப்பேன். அவன் காத்து வரட்டும்னு கடை வாசல்ல உட்கார்ந்து என் கருவாட்டுக் குழம்பை வெளுத்துக் கட்டுவான். இதுல அவனுக்கு இழுத்துக்கிட்டா அந்தப் பாவம் யாருக்குன்னு ஒரு கவலை வேற. இந்தக் கோலத்தை எதிர்க்கடைச் சந்தனம்மாள் பார்த்துருச்சு. அவ்வளவுதான், பஜார் பூரா ரெண்டு பேச்சு. சுயம்புலிங்கம் நொடிச்சுப்போய் கடையைக் கோட்டைச்சாமிக்கு வித்துட்டான்னு ஒண்ணு. அந்த அரிசியைத் தின்னா கைகால் விளங்காது, அதான் அவனே திங்கிறதில்லைன்னு இன்னொண்ணு. நம்ம நாட்டு வைத்தியர்கிட்ட ஓடினேன். கம்பு வாயு, பக்கவாதமே வாயுவாலதான் வருது, யாருய்யா உமக்குச் சொன்னதுங்கிறார். நான் யாரை நம்புறது?

பேச்சு சின்னமனூருக்கும் போயிருச்சு. சம்பந்தியாகப்போற அய்யாத்துரை அண்ணாச்சி, பூ வைக்கிறதைத் தள்ளி வைப்போம்னு சொல்லி அனுப்பிட்டாக. சொர்ணலதாவுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருந்துச்சு. அது முகத்தைப் பார்க்க முடியல தம்பி. அதனால நேத்துலருந்து நானே கடை வாசல்ல இலை போட்டு, ஊர் பார்க்க வெள்ளைச் சோத்தை மலையாக் குவிச்சு, கருவாடு அப்பளத்தோட திங்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் இடது கையைக் கிள்ளிப் பார்த்துக்கிறேன். இழுக்கிறது எதுவாயிருந்தாலும் கல்யாணம் முடிஞ்சு இழுக்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து, அண்ணன் நல்லாத்தான் இருக்கான்னு சின்னமனூர்ல ஒரு வார்த்தை சொல்லணும்.

வீட்டில் அனைவருக்கும் என் ஆசி. பிள்ளைகளுக்கு உப்பைக் குறைத்துப் போடவும். போட்டாலும் சரிதான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இதை ஒட்டுறதுக்குள்ள அய்யாத்துரை அண்ணாச்சியே வந்துட்டாக. நான் கருவாடு கடிக்கிறதைப் பார்த்து அவுக முகம் வாடிப்போச்சு. "கம்பங்கூழ் குடிக்கிறீகன்னு கேள்விப்பட்டு, நம்மளை மாதிரி ஒரு ஆளுன்னு ஆசையா வந்தேனே" என்றாக. போன ஆடியில அவுகளுக்கு வாய் ஒரு பக்கமாக் கோணிப் பேச்சுக் குழறிச்சாம். அதை மறைச்சுப் பொண்ணெடுக்க மனசு ஒப்பாமத்தான் தள்ளி வச்சாகளாம். எனக்கு அழுகை வந்துருச்சு, என் கை மரத்த கதையையும் சொல்லிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்கிறோம், அதுக்கு வா. ஆனா சம்பந்திக்கு என்ன சமைக்கிறதுன்னுதான் புரியல. அவுக டாக்டர் கோதுமை சொல்லியிருக்காராம், நம்ம வைத்தியர் அதுவும் வாயுங்கிறார். இதைப் பேசிக்கிட்டிருக்கையிலேயே சொர்ணலதா சிரிச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேருக்கும் மோர் கொண்டாந்து வச்சுச்சு, உப்பில்லாம.